கரண்டியின் பின்புறம்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என் கையில் ஒரு தேக்கரண்டி இருக்கிறது. பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. கூட்டம் முடிந்ததும் வந்து வாங்கிப் பாருங்கள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது வாங்கியது. அடுத்த தெருவில் ஒரு மூதாட்டி வீட்டைக் காலி செய்வதற்காகத் தட்டுமுட்டுச் சாமான்களை வாசலில் மேசை போட்டுப் பரப்பி வைத்திருந்தார். ஒரு செருப்புப் பெட்டி நிறையக் கரண்டிகள். எதை எடுத்தாலும் ஒரு டாலர். நான் எடுத்த கரண்டியை அந்த அம்மா திரும்ப வாங்கி, சட்டை நுனியால் ஒருமுறை அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தார்.

இதன் முன்பக்கம், காம்பின் நுனியில், கொடிபோல் வளைந்த ஒற்றை எழுத்து வெட்டியிருக்கிறது. வீட்டுக்காரர் பெயரின் முதலெழுத்தாக இருக்கும். திருப்பினால், காம்பின் பின்புறம் பொடி எழுத்தில் ‘1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்’ என்று அச்சு இறங்கியிருக்கிறது. குழியின் அடிப்பக்கத்தில், மேசையில் வைத்தால் உட்காருகிற இடத்தில், வெள்ளி தேய்ந்து ஒரு புளியங்கொட்டை அளவுக்கு மங்கிய மஞ்சள் உலோகம் எட்டிப் பார்க்கிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அமெரிக்க வெள்ளிச் சாமான்களின் வரலாறு என்பது பெயர்களின் வரலாறு. உலோகத்தை அரசாங்கம் சோதித்துச் சொல்லாத நாட்டில், செய்தவனுடைய பெயர்தான் உரைகல்லாக இருந்தது. அந்தப் பெயர் எப்படிச் சம்பாதிக்கப்பட்டது, எப்படிப் பெருகியது, கடைசியில் செய்த கைகளை விட்டுவிட்டு எப்படித் தனியாகக் கைமாறியது என்பதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் 1300ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. வெள்ளிச் சாமான் ஆயிரத்துக்கு 925 பங்கு சுத்த வெள்ளியாக இருக்க வேண்டும்; சோதித்துச் சிறுத்தைத் தலை முத்திரை குத்திய பிறகே கடைக்கு வர வேண்டும். அதைத்தான் ஸ்டெர்லிங் என்கிறோம். அமெரிக்கக் குடியேற்றங்களில் அப்படிச் சோதிக்கும் மன்றமே கிடையாது. பிற்காலத்தில் பால்டிமோர் நகரம் மட்டும் 1814 முதல் 1830 வரை கட்டாயச் சோதனை வைத்துப் பார்த்தது. மற்ற இடங்களில் தட்டாரின் வாக்குதான் முத்திரை.

பாஸ்டனில் ஜான் ஹல் என்று ஒரு தட்டார் இருந்தார். லண்டனில் தொழில் கற்று வந்த ராபர்ட் சாண்டர்சன் அவருடைய கூட்டாளி. ஊரில் புழங்கிய காசு ஸ்பானிய நாணயங்கள். அவற்றில் வெட்டுப்பட்டதும் கலப்படமும் ஏராளம். 1652இல் மாசசூசெட்ஸ் நிர்வாகம் இவர்களை அழைத்து, உள்ளூரிலேயே காசடிக்கும் பொறுப்பைக் கொடுத்தது. பைன் மரம் பொறித்த அந்த ஷில்லிங்குகள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன. நாட்டின் முதல் நாணயசாலையை நடத்தியவர்கள் கரண்டியும் கிண்ணமும் செய்த தட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். யார் கையில் வெள்ளியை நம்பிக் கொடுக்கலாம் என்று ஊர் பார்த்ததோ, அவரிடமே காசடிக்கவும் கொடுத்தது.

அந்தக் காலத்தில் வங்கி கிடையாது. கையில் சேர்ந்த நாணயங்களைத் துணியில் முடிந்து தட்டாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அவர் உருக்கி, குவளையாகவோ கரண்டியாகவோ அடித்து, வீட்டுக்காரர் பெயரின் எழுத்தை வெட்டிக் கொடுப்பார். களவு போனால் அடையாளம் சொல்லிக் கேட்கலாம். நாணயத்துக்கு அடையாளம் சொல்ல முடியுமா? அவசரத்துக்குப் பணம் வேண்டுமென்றால் மறுபடி உருக்கிக்கொள்ளலாம். நம் பாட்டிமார் அரைஞாணும் கொலுசும் வாங்கி வைத்ததில் இருந்த அதே கணக்குத்தான். இப்படி நாணயத்தை உருக்கிச் செய்த வெள்ளிக்கு ‘காயின் சில்வர்’ என்றே பெயர். தரம் ஏறக்குறைய ஆயிரத்துக்கு 900 பங்கு.

பால் ரெவியர் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1775 ஏப்ரல் 18ஆம் தேதி இரவு, பிரிட்டிஷ் படை வருகிறது என்று குதிரையில் போய் எச்சரித்தவர். அவர் பிழைப்புக்குச் செய்த தொழில் வெள்ளி வேலை. 1768இல் அவர் செய்த ஒரு கிண்ணம் இன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாசசூசெட்ஸ் சட்டசபை, பிரிட்டிஷ் வரிகளை எதிர்த்து மற்றக் குடியேற்றங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. திரும்பப் பெறு என்று மன்னரின் ஆணை வந்தபோது 92 உறுப்பினர்கள் மறுத்துவிட்டார்கள். அந்த 92 பேரின் துணிவுக்காகச் செய்யப்பட்ட கிண்ணம் அது. எளிமையான உருவம்: அடியில் ஒரு வளையம், மேலே மெதுவாக விரியும் வாய். 1949இல் அருங்காட்சியகம் அதை வாங்கியபோது பொதுமக்கள் நிதி கொடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளும் தங்கள் காசைக் கொடுத்தார்கள். ஓவியர் காப்லி வரைந்த ரெவியரின் படத்தில் அவர் துப்பாக்கியோடு இல்லை. வேலைச் சட்டையோடு, கையில் வெள்ளித் தேநீர்க் குடுவையோடு, எழுத்து வெட்டும் உளிகள் மேசையில் கிடக்க உட்கார்ந்திருக்கிறார். ஒரு கைவினைஞரை அவர் வேலையோடு சேர்த்து மதித்த படம் அது. எனக்கு மிகவும் பிடித்த படம்.

இதுவரை பட்டறைக் கதை. இனி ஆலைக் கதை.

ரோட் ஐலண்டு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் ஜேபஸ் கோரம் என்ற நகைத் தொழிலாளி 1831இல் வெள்ளிக் கரண்டி செய்யத் தொடங்கினார். எல்லாம் கைவேலை. 1842இல் வெளிநாட்டு வெள்ளிச் சாமான்கள் மீது கனமான இறக்குமதி வரி போடப்பட்டது. உள்நாட்டுத் தொழிலுக்கு வேலி கட்டிய மாதிரி ஆயிற்று. ஜேபஸின் மகன் ஜான் அந்த வேலிக்குள் பயிர் செய்யத் தெரிந்தவர். கையால் அடிப்பதை விட்டு, நீராவியால் இயங்கும் சம்மட்டிக்கு மாற வேண்டும் என்று முடிவுசெய்து இங்கிலாந்து போனார். ஆலைகளைப் பார்த்தார், இயந்திரத்துக்கு ஏற்பாடு செய்தார், கை தேர்ந்த ஆட்களையும் அழைத்து வந்தார். 1868இல் கோரம் நிறுவனம் காயின் சில்வரைக் கைவிட்டு ஸ்டெர்லிங் தரத்துக்கு மாறியது. நியூயார்க்கின் டிஃபனி நிறுவனம் அதற்கு முன்பே, 1851இல், மாறிவிட்டது. சட்டம் கேட்காதபோதே இந்த இரண்டு நிறுவனங்களும் தரத்தை உயர்த்திக்கொண்டன. கோரம் தன் பொருள்களின் பின்புறம் சிங்கம், நங்கூரம், ‘ஜி’ என்ற எழுத்து ஆகிய மூன்றையும் குத்தியது. 1868 முதல் ஆண்டைக் காட்டும் குறியையும் சேர்த்தது. சிங்கமும் ஆண்டுக்குறியும் இங்கிலாந்தில் அரசு சார்ந்த சோதனை மன்றம் குத்துவது. இங்கே ஒரு கம்பெனி தன் வாக்கை நம்பித் தானே குத்திக்கொண்டது. தவறாக நடந்திருந்தால் அந்தச் சிங்கத்துக்கு மதிப்பே இருந்திருக்காது. நடக்கவில்லை.

இதே காலத்தில் நெவாடாவின் காம்ஸ்டாக் சுரங்கம் (1859) வெள்ளியை மலை மலையாகக் கக்கியது. அயர்லாந்திலிருந்து ஏழையாக வந்த ஜான் மெக்கே அங்கே பெருஞ்செல்வர் ஆனார். அவர் மனைவிக்காக டிஃபனி செய்து கொடுத்த விருந்துப் பாத்திரத் தொகுப்பில் சுமார் 1,250 உருப்படிகள். வெள்ளி, அவருடைய சுரங்கத்திலிருந்தே போனது. ஏறத்தாழ 200 பேர் இரண்டு ஆண்டு உழைத்து முடித்து, 1878இல் பாரிஸ் கண்காட்சியில் வைத்தார்கள். 24 பேர் சாப்பிட 1,250 பாத்திரம். வேலைப்பாடு வியக்கத்தக்கது, ஒரு அங்குலம்கூட வெறுமையாக விடாமல் பூவும் கொடியும் நிறைத்திருக்கிறார்கள். ஆனால் ரெவியர் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தால் என் கண் ரெவியரிடம்தான் போகும்.

பணக்காரர் கதை போதும். என் கையில் இருக்கும் கரண்டிக்கு வருகிறேன். இதன் கதைதான் பெரியது.

கனெக்டிகட்டில் மெரிடன் என்று ஓர் ஊர். அந்த ஊரிலும் சுற்றுப்புறத்திலும் வெள்ளிச் சுரங்கம் கிடையாது. ஈயக்கலப்புப் பாத்திரம் செய்கிறவர்கள் இருந்தார்கள். வெள்ளீயத்தோடு கொஞ்சம் ஆண்டிமனியும் துளி செம்பும் சேர்த்தால் வெள்ளிபோல் மினுக்கும் உலோகம் கிடைக்கும். பிரிட்டானியா என்று பெயர். அதில் செய்த தேநீர்க் குடுவைகளையும் கரண்டிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார்கள். நம் ஊர்த் தெருக்களில் பாத்திரக்காரர் பழைய துணி வாங்கிக்கொண்டு எவர்சில்வர் கொடுப்பாரே, அதுபோல அங்கேயும் பண்டமாற்று உண்டு.

பக்கத்து ஊரான வாலிங்ஃபோர்டில் ராபர்ட் வாலஸ் என்ற இளைஞர் 1830களில் வேறொரு உலோகத்தைக் கண்டார். நியூயார்க்கில் லூயிஸ் ஃபாய்க்ட்வாங்கர் என்ற ஜெர்மானிய வேதியியல் அறிஞர் அதை அறிமுகம் செய்திருந்தார். செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றின் கலவை; பெயர் ஜெர்மன் சில்வர். இன்று நம் கல்யாணப் பரிசுக் கடைகளில் குங்குமச்சிமிழும் தாம்பாளமுமாகக் குவிந்திருக்கிறதே, அதே பெயர். அதில் ஒரு குன்றிமணி வெள்ளிகூடக் கிடையாது. ஃபாய்க்ட்வாங்கர் அந்த உலோகத்தில் 1837இல் கழுகு பொறித்த ஒரு சென்ட் வில்லைகளை அடித்து, இதையே நாட்டின் நாணயமாக்குங்கள் என்று காங்கிரஸிடம் மனுப்போட்டார். மறுத்துவிட்டார்கள். நாணயத்துக்கு வேண்டாமென்று ஒதுக்கிய உலோகம் கரண்டிக்கு அருமையாகப் பொருந்தியது: கெட்டி, வளையாது, வெண்மை. வாலஸ் அதில் கரண்டி செய்தார். அடி உலோகம் தயாராயிற்று.

மேலே வெள்ளி பூசும் வித்தை இங்கிலாந்திலிருந்து வந்தது. 1840இல் பர்மிங்ஹாமின் எல்கிங்டன் குடும்பத்தார் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் வில்லியம், ஏசா, சிமியன் என்ற ரோஜர்ஸ் சகோதரர்கள் மூவரும் காயின் சில்வர் தட்டார்கள்; நேர்மைக்குப் பெயர் வாங்கியவர்கள். 1847இல் அவர்கள் மின்முலாம் பூசிய சாமான்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள்.

வித்தை எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஒரு தொட்டியில் சயனைடு கலந்த வெள்ளிக் கரைசல். ஒருபுறம் சுத்த வெள்ளித் தகடுகளைத் தொங்கவிடுவார்கள். மறுபுறம் கரண்டிகளைக் கம்பியில் கோத்து இறக்குவார்கள். மின்சாரம் பாய்ந்தால் தகட்டு வெள்ளி கரைந்துபோய்க் கரண்டியில் படியும். எவ்வளவு நேரம் வைக்கிறோமோ அவ்வளவு கனம். வெளியே எடுக்கும்போது பளபளப்பு இருக்காது. சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கும். பிறகு மெருகிடும் பெண்கள் சோப்புத் தண்ணீர் தொட்டு, வழவழப்பான எஃகுக் கருவியால் அழுத்தித் தேய்த்துத் தேய்த்து ஒளியை வெளியே கொண்டுவருவார்கள். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியில் பார்க்கிற பளபளப்பு அந்தப் பெண்களின் மணிக்கட்டு வலி. அவர்கள் பெயர் எந்தக் கரண்டியின் பின்புறத்திலும் இல்லை.

எவ்வளவு வெள்ளி பூசினார்கள்? சாதாரணத் தரத்துக்கு 144 தேக்கரண்டிக்கு 2 டிராய் அவுன்ஸ். அதாவது ஏறக்குறைய 62 கிராம். ஒரு கரண்டிக்கு அரைக் கிராமுக்கும் குறைவு! மும்மடங்கு முலாம் என்றால் 144 கரண்டிக்கு 6 அவுன்ஸ், ஒன்றுக்கு 1.3 கிராம். இந்த வேறுபாட்டைக் கடையில் நின்று பார்க்கும் எந்த இல்லத்தரசியாலும் கண்டுபிடிக்க முடியாது. ஐந்து வருஷமோ பத்து வருஷமோ தேய்த்துக் கழுவிய பிறகுதான், இதோ இந்தப் புளியங்கொட்டை அளவு மஞ்சள் உண்மையைச் சொல்லும். திடவெள்ளியையாவது தட்டாரிடம் கொடுத்து உரைத்துப் பார்க்கலாம். முலாமை உரைத்தால் முலாமே போய்விடும். ஆகவே முன்னெப்போதையும்விட இங்கே பெயர் ஒன்றுதான் நம்பிக்கை. ரோஜர்ஸ் என்று போட்டிருந்தால் தேயாது என்று ஜனங்கள் நம்பினார்கள். ஆரம்ப நாள்களில் அந்த நம்பிக்கைக்கு அவர்கள் தகுதியானவர்கள்.

மெரிடனில் 1852இல் ஹொரேஸ், டென்னிஸ் வில்காக்ஸ் சகோதரர்கள் சிறு பட்டறைக்காரர்களை ஒன்றுசேர்த்து மெரிடன் பிரிட்டானியா கம்பெனியைத் தொடங்கியிருந்தார்கள். விற்பனை நுணுக்கம் தெரிந்தவர்கள். ரோஜர்ஸ் சகோதரர்களின் தொழில் தடுமாறியபோது, 1862இல், அவர்களையும் அவர்கள் பெயரையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகுதான் பெயருக்கு முன்னால் ‘1847’ என்ற எண் ஏறியது. பழைய சாமான் கடைகளில் பலர் ஏமாறும் இடம் இது. என் கரண்டியைப் பார்த்து மகள்கூட, “அப்பா, 1847ஆம் வருஷத்துக் கரண்டியா?” என்று கேட்டாள். இல்லை. இந்த எண் குத்திய எந்தக் கரண்டியும் 1862க்கு முந்தியதாக இருக்க முடியாது. பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. ரோஜர்ஸ் என்ற பெயரைத் தாங்கிய வேறு பல நிறுவனங்கள் முளைத்துவிட்டன, வழக்குகள் நடந்தன. ‘நாங்கள்தான் பழையவர்கள்’ என்று காட்டத்தான் அந்த ஆண்டைச் சேர்த்துக் குத்தினார்கள். பெயருக்கே ஒரு முத்திரை தேவைப்பட்ட காலம் வந்துவிட்டது.

மெரிடனுக்கு ‘வெள்ளி நகரம்’ என்று பெயர் வந்தது. கரண்டிகள் மட்டுமல்ல, இரட்டைச் சுவர் வைத்த ஐஸ் தண்ணீர்க் கூஜாக்களும் அங்கிருந்து வீடு வீடாகப் போயின. அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டி எடுத்த பனிக்கட்டியை வைக்கோலும் மரத்தூளும் போட்டுச் சேமித்துக் கோடையில் விற்கும் வியாபாரம் அப்போது செழித்திருந்தது. அந்த ஐஸ் நம் சென்னைக்கும் கப்பலில் வந்தது. மெரினா எதிரே இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம், பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் ஐஸ் வைக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான். ஒரே பனிக்கட்டி, அங்கே அதற்கு வெள்ளி முலாம் கூஜா, இங்கே அதற்கு ஒரு பேட்டைப் பெயர்.

மேசைமேல் கரண்டிகளின் வகை பெருகிக்கொண்டே போனது. சிப்பிக்கு ஒரு முள்கரண்டி, மத்தி மீனுக்கு ஒன்று, ஐஸ்கிரீமுக்கு ஒன்று, தக்காளித் துண்டு எடுக்க ஒன்று, உருளைக்கிழங்கு வறுவல் பரிமாற ஒன்று. கடைசியில், பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான ஹெர்பர்ட் ஹூவர், வணிகத் துறைச் செயலாளராக இருந்த 1925இல், ஒரு வடிவத்தில் 55 வகைக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தார். 55 என்பது குறைத்த பிறகு வந்த எண்!

1898இல் பத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் இணைந்து இன்டர்நேஷனல் சில்வர் கம்பெனி மெரிடனில் உருவானது. உலகிலேயே பெரிய வெள்ளிச் சாமான் நிறுவனங்களில் ஒன்று. 1906இல்தான் அமெரிக்க அரசு முதன்முறையாக நாடு முழுவதுக்கும் சட்டம் போட்டது: ஸ்டெர்லிங் என்று குத்தினால் ஸ்டெர்லிங் தரம் இருக்க வேண்டும். அப்போதும் சோதனை மன்றம் வைக்கவில்லை. 1961இல் திருத்தம் வந்தது: தரத்தைக் குத்துகிறவர், பக்கத்தில் தன் வணிக முத்திரையையும் குத்த வேண்டும். ஜான் ஹல் காலத்து வழக்கத்தைத்தான் 300 ஆண்டு கழித்துச் சட்டமாக எழுதினார்கள். தரம் என்று சொல்கிறாயா? பெயரைப் போடு.

ஒனைடா பற்றிச் சொல்லாமல் இந்த உரை முடியாது. நியூயார்க் மாநிலத்தின் நடுப்பகுதியில் 1848இல் ஜான் ஹம்ஃப்ரி நாய்ஸ் என்ற மதபோதகர் ஒனைடா என்ற சமூகத்தை நிறுவினார். மண்ணுலகிலேயே குறையற்ற வாழ்வு வாழ முடியும் என்பது அவர் நம்பிக்கை. சொத்து பொது, திருமணமும் பொது, பிள்ளைகளும் பொது. ஊர் அவர்களைத் தூற்றியது. ஆனால் அவர்கள் செய்த மிருகப் பொறிகளை ஊர் தேடி வாங்கியது, ஏனென்றால் வேலையில் ஏமாற்று இல்லை. 1877இல் வாலிங்ஃபோர்டில் இருந்த தங்கள் கிளையில் கரண்டி செய்யத் தொடங்கினார்கள். எதிர்ப்பு முற்றி, நாய்ஸ் கனடாவுக்குப் போக நேர்ந்து, 1881 ஜனவரி 1ஆம் தேதி அந்தச் சமூகம் கலைந்து ஒரு பங்கு நிறுவனமாக மாறியது. அவருடைய மகன் பியர்பாண்ட் நாய்ஸ்தான் பிறகு அதைக் கட்டி எழுப்பினார். கம்பெனிகள் எல்லாம் மும்மடங்கு, நான்மடங்கு என்று கூவிக்கொண்டிருந்த சந்தையில், 1902இல் அவர் ‘கம்யூனிட்டி பிளேட்’ என்ற பெயரில் நல்ல வடிவமும் தடித்த முலாமும் உள்ள சரக்கை இறக்கினார். பத்திரிகை விளம்பரத்துக்குப் பெயர் பெற்ற ஓவியர்களை அமர்த்தினார். கலைந்துபோன ஒரு சமூகத்தின் பெயர் அமெரிக்கச் சாப்பாட்டு மேசைகளில் நிலைத்தது. ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த ஷெரில், 1916இல் தனி நகரமாயிற்று. நியூயார்க் மாநிலத்தின் மிகச் சிறிய நகரம் அது.

இரண்டாம் உலகப் போரில் இந்த ஆலைகள் போர்ச் சாமானுக்குத் திரும்பின. போர் நடந்துகொண்டிருக்கும்போதே இன்டர்நேஷனல் சில்வர் வானொலியிலும் இருந்தது. 1944இல் தொடங்கிய புகழ்பெற்ற ‘ஓஸி அண்டு ஹாரியட்’ குடும்பத் தொடருக்குப் பணம் கொடுத்தது இந்தக் கரண்டிக் கம்பெனிதான். புதுமணப் பெண் ஒரு வடிவத்தைத் தேர்ந்து கடையில் பதிவுசெய்ய, உறவினர் ஆளுக்கொரு கரண்டியாகப் பரிசளிக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது.

பிறகு வந்தது எவர்சில்வர். தேய்க்க வேண்டாம், கறுக்காது, முலாம் போகாது. என்றும் வெள்ளி என்று பொருள்படும் அந்தப் பெயரை நாம் வீட்டுச் சொல்லாகவே வைத்துக்கொண்டோம். வெள்ளி முலாமை வீழ்த்தியது பேராசையோ மோசடியோ அல்ல. நல்ல மாற்று ஒன்று வந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் வேறு இடத்தில். 1979 தொடக்கத்தில் அவுன்ஸ் ஆறு டாலர் அளவில் இருந்த வெள்ளி, டெக்சாஸின் ஹன்ட் சகோதரர்கள் வாங்கிக் குவித்ததில் 1980 ஜனவரியில் ஐம்பதை நெருங்கியது. மார்ச் 27ஆம் தேதி சரிந்தது. நடுவில் இருந்த அந்தச் சில மாதங்களில், வீடு வீடாக இருந்த பழைய வெள்ளிச் சாமான்கள் உருக்கும் ஆலைகளுக்குப் போயின. நூறாண்டு, நூற்றைம்பது ஆண்டுப் பழமையான பொருள்கள், எடை போட்டுக் கட்டியாயின. யார் செய்தது என்று திருப்பிப் பார்க்கக்கூட நேரமில்லை.

நிறுவனங்களின் பெயர்கள் மட்டும் உருகவில்லை. கோரம் 1967இல் டெக்ஸ்ட்ரான் குழுமத்துக்குப் போய், பிறகும் கைமாறியது. 1824இல் தொடங்கிய டான்டன் நகரத்து ரீட் அண்டு பார்ட்டன் 2015இல் திவாலாயிற்று. பெயரை வேறு கம்பெனி வாங்கிக்கொண்டது. வாலஸ், டோல், இன்டர்நேஷனல் என்று ஒருவரோடு ஒருவர் போட்டியிட்ட பெயர்கள் இன்று ஒரே குழுமத்தின் பட்டியலில் இருக்கின்றன. பிராவிடன்ஸில் கோரம் ஆலை இருந்த இடத்தில் மண்ணிலும் பக்கத்துக் குளத்திலும் நச்சுக் கரைப்பான்களும் கன உலோகங்களும் தங்கிவிட்டன. அந்த நிலத்தில் பிள்ளைகள் படிக்கும் பள்ளியைக் கட்டுவதற்கு அக்கம்பக்கத்து மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பெயரின் ஆதாயம் ஒருவரோடு போயிற்று. வேலையின் கழிவு அந்தத் தெருவோடு தங்கிற்று. அந்த மக்களின் கோபம் நியாயமானது.

ஷெரிலில் நடந்ததும் இதைப் போன்றதே, ஆனால் தலைகீழாக. 2005இல் ஒனைடா அங்கே கரண்டி செய்வதை நிறுத்தியது. பெயர் கம்பெனியோடு போயிற்று. சரக்கு வெளிநாட்டிலிருந்து வர ஆரம்பித்தது. அந்த ஆலையை இருவர் வாங்கி, பழைய தொழிலாளர் சிலரோடு, பழைய அச்சடிக்கும் இயந்திரங்களில் வேறு பெயரில் எவர்சில்வர் கரண்டி செய்கிறார்கள். புகழ்பெற்ற பெயர் ஓரிடத்தில், கைகள் இன்னோரிடத்தில். எது உண்மையான ஒனைடா கரண்டி என்று என்னைக் கேட்டால், அந்த ஆலையில் அந்தக் கைகள் செய்வதுதான் என்பேன்.

நம் வீட்டு வெள்ளிக்கும் பித்தளைக்கும் வருகிறேன், ஒரே ஒரு வேண்டுகோளோடு. நம் பாத்திரங்களில் பெயர் வெட்டுகிறோம்: தாத்தா பெயர், அத்தை பெயர், கல்யாணத் தேதி. அமெரிக்கக் கரண்டியின் முன்பக்கம்போல அது உடைமைக்காரரின் பெயர். செய்த ஆசாரியின் பெயர் பெரும்பாலும் எங்கும் இருப்பதில்லை. வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் பழைய கும்பாவும் பன்னீர்ச் செம்பும் கடைக்குப் போய் உருகுகின்றன. 1980இல் அங்கே நடந்தது நம் ஊரில் சத்தமில்லாமல் வருஷந்தோறும் நடக்கிறது. கொடுக்க வேண்டிய நெருக்கடி இருந்தால் கொடுத்துத்தான் ஆகவேண்டும். கொடுப்பதற்கு முன் அதைத் திருப்பிப் பாருங்கள். முத்திரையோ எழுத்தோ இருந்தால் படம் எடுத்து வையுங்கள். எந்த ஊரில், எந்தத் தெருவில், யார் கையால் செய்தது என்று வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது நினைவிருந்தால் இன்றிரவே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.